மீன்தொட்டியும் நீர் மாற்றமும்

வேலூர் மாவட்டத்தில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் ஒடுகத்தூர். மலையில் தோன்றும் உத்திர காவிரி ஆறு இவ்வூர்ப் பக்கமாக ஓடிச் சென்று பாலாற்றோடு கலக்கின்றது. அஃது ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறன்று. மழைக்காலத்தில் மலைநீர் பெருகி வரும். மழை நின்ற சில திங்களில் வெள்ளம் வடிந்து மணல் தோன்றும். அத்தகைய ஆறுகளில், நீர் வற்றும் காலத்தில் ஆங்காங்கே பள்ளங்களில் சிறு குட்டைகள் தேங்கி நிற்பதைக் காணலாம். ஓடும் நீரில் துள்ளித் திரிந்த மீன்குஞ்சுகள் அக்குட்டைகளில் அகப்பட்டுக்கொள்ளும். நாள் செல்லச் செல்ல நீர் சுருங்கும், வெப்பம் ஏறும், நீரின் நிறம் மாறும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கோடைமழை ஒன்று பெய்து சிறிது புதுநீர் வந்து சேர்ந்தால், அவை புத்துயிர் பெற்றாற்போல மீண்டும் துள்ளும்.

ஆற்றுக்கு நீர் மாற்றுவார் எவரும் இலர். வந்த நீர் போகின்றது. புதிய நீர் வருகின்றது. மீன் விட்ட கழிவு நில்லாமல் நீங்குகின்றது. வீட்டில் வைக்கப்படும் கண்ணாடித் தொட்டியோ ஆற்றை ஒத்ததன்று. ஆறு வற்றியபின் எஞ்சிய குட்டையையே ஒத்தது. அதற்கு வரவுமில்லை, போக்குமில்லை. ஆதலின் மீனைத் தொட்டியில் இட்டவன், அத்தொட்டிக்கு ஆறாகவும் மழையாகவும் இருக்கும் கடமையை மேற்கொண்டவனாகின்றான். அக்கடமையை எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த அளவில், எம்முறையில் ஆற்றுவது என்பது அறிந்துகொள்ளத்தக்கது. அறியாதவிடத்து அன்பே கொலையாய் முடிதலும் உண்டு.

அஃது எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒடுகத்தூரில் வாழும் மாணவன் ஒருவன் மீன்தொட்டி வைத்திருப்பதாகக் கொள்வோம். தொட்டியின் நீளம் இரண்டடி. அகலமும் உயரமும் ஓரடி. அதில் ஏறத்தாழ 50 லிட்டர் நீர் கொள்ளும். அடியில் ஆற்றுமணல் பரப்பியிருக்கின்றான். மூலையில் நுரைப்பஞ்சு வைத்த சிறு வடிகட்டி ஒன்று இயங்குகின்றது. ஆறு சிறு மீன்கள் நீந்துகின்றன. சில திங்கள் கடந்தன. கண்ணாடியில் பாசி படர்ந்தது. நீர் சற்று மஞ்சளித்தது. பொங்கலுக்கு உறவினர் வருகின்றனர். தொட்டி பளிச்சென்று இருத்தல் வேண்டும் என்று அவன் எண்ணினான். மீன்களை ஒரு வாளியில் விட்டான். பழைய நீர் முழுவதையும் கொட்டினான். மணலைப் பலமுறை அலசி வெயிலில் உலர்த்தினான். நுரைப்பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெண்மையாக்கினான். பிறகு தொட்டி நிறையக் குழாய்நீரைப் பிடித்து, மீன்களை அதில் விட்டான். தொட்டி பளிங்குபோல் விளங்கியது. மறுநாட் காலையில் இரண்டு மீன்கள் மேல்மட்டத்தில் மூச்சுக்குத் திணறின. மூன்று நாள்களுக்குள் ஒன்றும் எஞ்சவில்லை.

“அழுக்குநீரில் பிழைத்திருந்த மீன்கள் தூயநீரில் ஏன் மாண்டன?” என்று அவன் வருந்திக் கேட்பான். அவனிடம் சோம்பல் இல்லை, அன்பின்மையும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த அழுக்கை மட்டுமே அவன் நோக்கினான். கண்ணுக்குத் தெரியாத நஞ்சு ஒன்றும், அந்நஞ்சினை நீக்கும் கண்ணுக்குத் தெரியாத ஏவலர் கூட்டம் ஒன்றும் அத்தொட்டியில் இருந்தமையை அவன் அறியான்.

அந்நஞ்சின் பெயர் அம்மோனியா. மீன் உண்ட உணவு செரித்தபின் தோன்றும் கழிவுகளுள் முதன்மையானது இதுவே. மீன் இதனைப் பெரும்பாலும் செவுள்களின் வழியே நீரில் விடுகின்றது. உண்ணப்படாத இரையும், அழுகிய இலையும் இதனையே உண்டாக்கும். அம்மோனியாவுக்கு நிறமில்லை, சிற்றளவில் மணமும் தோன்றாது. எனவே கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் அது கொல்லும் அளவு கலந்திருத்தல் கூடும். நீரின் தெளிவு வேறு, தூய்மை வேறு என்பது இதனால் பெறப்படும்.

ஆயின் இந்நஞ்சு நாள்தோறும் சேர்ந்தும், அம்மாணவனுடைய மீன்கள் சில திங்கள் உயிர்வாழ்ந்தது எவ்வாறு? மணலின்மீதும், வடிகட்டியின் நுரைப்பஞ்சிலும், கண்ணாடியின் உட்புறத்திலும் பாக்டீரியா எனப்படும் நுண்ணுயிர்கள் படிந்து வாழ்கின்றன. அவற்றுள் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டு என்னும் பொருளாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, அது மிகுந்தால் மீனின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்துவிடும். மற்றொருவகை நுண்ணுயிர், அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. நைட்ரேட்டு அத்துணைக் கொடியதன்று. சிற்றளவில் மீன் அதனைத் தாங்கும். செடிகொடிகளுக்கு அஃது உணவுமாகும்.

இந்நுண்ணுயிர்களின் தொழிலை உலகுக்கு உணர்த்தியோர் மண்ணையும் சாக்கடை நீரையும் ஆராய்ந்த அறிஞர்கள் ஆவர். மாட்டுத் தொழுவத்து மண்ணில் வெடியுப்புப் பூப்பதை மக்கள் நெடுங்காலமாகக் கண்டுள்ளனர். வெடியுப்பும் ஒருவகை நைட்ரேட்டே. கோமியத்திலிருந்து அஃது எவ்வாறு விளைகின்றது என்பது அன்று விளங்காதிருந்தது. 1877-ஆம் ஆண்டில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்ல ஒழுகவிட்டனர். ஏறத்தாழ 20 நாள்கள் வரையில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை. அதன்பின் நீரிலிருந்த அம்மோனியா குறைந்து நைட்ரேட்டுத் தோன்றலாயிற்று. உடனே அவர்கள் குளோரோபாரத்தின் ஆவியை அக்குழாயினுள் செலுத்தினர். மாற்றம் நின்றுபோயிற்று. உயிருள்ளவை மயங்கின, தொழிலும் நின்றது. இதனால் அம்மாற்றத்தைச் செய்வன உயிர்களே என்பது தெளிவாயிற்று. 1890-ஆம் ஆண்டில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். நன்னீர் மீன்தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவன பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்னும் இனத்தைச் சேர்ந்தவை என்பது 1998-இல் வெளியான ஆய்வால் புலப்பட்டது. இருவகைத் தொழிலையும் ஒன்றே செய்யவல்ல நுண்ணுயிர்களும் உண்டென்பது 2015-இல் வெளிப்பட்டது.

ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் காத்திருந்த அந்த 20 நாள்களே மீன்தொட்டிக்குரிய பாடம். நுண்ணுயிர்கள் வந்து படிந்து பெருகுவதற்கு நாள்கள் பல வேண்டும். புதிய தொட்டியொன்றில் அவை நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகின்றன. ஒடுகத்தூர் மாணவன் மணலை உலர்த்தியபோதும் பஞ்சைக் குழாய்நீரில் பிழிந்தபோதும் சில திங்களாக வளர்ந்த அக்கூட்டத்தை ஒரே நாளில் அழித்துவிட்டான். அவன் கழுவியது தொட்டியை. இழந்ததோ தொட்டியின் உயிரை. மீன்கள் வழக்கம்போல அம்மோனியாவை விட்டன. அதனை மாற்றுவார் இல்லை.

இவ்வொரு காரணமேயன்றி வேறு இரண்டும் சேர்ந்தன. ஒன்று, குளோரின். ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் மக்களை நோயினின்று காக்கும்பொருட்டுக் குடிநீரில் குளோரினைக் கலக்கின்றன. மனிதனுக்கு நோய் தரும் கிருமிகளைக் கொல்லும் அது, தொட்டியிலுள்ள நற்கிருமிகளையும் கொல்லும். மீனின் செவுள்களையும் அரிக்கும். மற்றொன்று, திடீர் மாற்றம். பழைய நீரின் வெப்பம், உப்பின் அளவு, காரத்தன்மை ஆகியவற்றுக்கு மீனின் உடல் பழகியிருக்கும். அவையெல்லாம் ஒரே கணத்தில் மாறுமாயின் மீனால் தாங்கவொண்ணாது.

“அங்ஙனமாயின் நீரை மாற்றாமலே விட்டுவிடலாமே” என்று வினவலாம். அவ்வாறு எண்ணிய காலமும் ஒன்று இருந்தது. 1850-ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர், பொன்மீன்களையும் நாடாப்போன்ற இலைகளையுடைய நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் ஒருங்கே வைத்து, நீரை மாற்றாமல் பல திங்கள் காத்துக்காட்டினார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்கும். செடி விடும் பிராணவாயுவை மீன் ஏற்கும். அழுகும் இலைகளை நத்தை தின்னும். இக்கொள்கை பரவியதன் பயனாக 1853-இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. 1909-இல் சென்னைக் கடற்கரையிலும் ஒரு மீன்காட்சியகம் தோன்றியது.

வாரிங்டன் கண்ட உண்மை உண்மையே. எனினும் அது செடி மிகுந்து மீன் குறைந்த கலத்துக்கே பொருந்தும். இன்று வீடுகளில் உள்ள தொட்டிகளில் மீன் மிகுதி, செடி குறைவு, நாள்தோறும் வெளியிலிருந்து இரை இடப்படுகின்றது. வரவு மிகுந்து செலவு குறைந்த களஞ்சியம்போல, அத்தொட்டியில் நைட்ரேட்டு ஏறிக்கொண்டே இருக்கும். நுண்ணுயிர்களின் தொழிலால் அமிலமும் சிறுகச் சிறுகச் சேரும். நெடுங்காலம் புதுநீர் காணாத மீன்கள் நிறம் மங்கும், வளர்ச்சி குன்றும், எளிதில் நோய்க்கு ஆட்படும்.

சிலர், “நீர் குறையும்போதெல்லாம் ஊற்றி நிரப்புகின்றோம், அதுவே போதும்” என்பர். அது பிழை. வெயிலில் ஆவியாகிச் செல்வது தூயநீர் மட்டுமே. உப்பும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். உப்பளத்தில் கடல்நீரைப் பாய்ச்சிப் பாய்ச்சி உப்பு விளைவிப்பதும் இம்முறையால் அன்றோ? நீரை நிரப்புதல் வேறு. நீரை மாற்றுதல் வேறு. முன்னதில் மாசு கூடும். பின்னதில் மாசு குறையும்.

ஆகவே முழுவதும் மாற்றுதலும் தவறு, மாற்றாதிருத்தலும் தவறு. வாரம் ஒருமுறை, நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுதலே சிறு தொட்டிக்கு ஏற்ற பொது நெறியாகும். 50 லிட்டர்த் தொட்டிக்கு இஃது ஏறத்தாழ 12 லிட்டர். அஃதாவது ஒரு குடம் நீர்.

நான்கில் ஒரு பங்கு போதுமா என்று ஐயுறலாம். எளிய கணக்கு ஒன்று அவ்வையத்தைப் போக்கும். வாரந்தோறும் தொட்டியில் ஒரு பங்கு மாசு சேர்வதாகவும், புதுநீரில் அம்மாசு இல்லை எனவும் கொள்வோம். முதல் வார இறுதியில் மாசு 1 பங்கு. நான்கில் ஒரு பங்கு நீரை இறைத்தால் முக்கால் பங்கு எஞ்சும். அடுத்த வார இறுதியில் அஃது ஒன்றேமுக்கால் ஆகும். இவ்வாறு சிறுகச் சிறுக உயரினும் ஒருபோதும் 4 பங்கைக் கடவாது. ஏனெனில் 4 பங்கு சேர்ந்த நிலையில் இறைக்கப்படும் நீரோடு 1 பங்கு மாசு வெளியேறிவிடும். வருவதும் போவதும் சமமாகிவிடும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றினால், அவ்வெல்லை 10 பங்காக உயரும். ஒன்றுமே மாற்றாவிடில் எல்லையே இல்லை.

இந்நெறியும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்பச் சிறிது மாறும். மீன் சிலவாகவும் செடி பலவாகவும் உள்ள தொட்டிக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றினும் போதும். மீன் மிகுந்த தொட்டிக்கு வாரம் இருமுறை வேண்டும். கலம் சிறிதாகச் சிறிதாக நஞ்சு விரைவில் செறியும். 5 லிட்டர் கொள்ளும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறையேனும் பகுதிநீரை மாற்றுதல் வேண்டும். அத்தகைய கிண்ணம் பொன்மீனுக்கு ஏற்ற இல்லம் அன்று. புதிதாக வைத்த தொட்டியில், நுண்ணுயிர்கள் நிலைபெறும் வரையில், மீன்களைச் சிலவாகவே விட்டு, நீரையும் அடிக்கடி சிறிதளவு மாற்றிவருதல் நலம்.

கோடையில் இன்னும் கருத்து வேண்டும். 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீர், காற்றிலிருந்து ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே ஏற்கும். வேலூர்ப் பகுதியில் கோடை வெயில் 40 பாகையைக் கடப்பதுண்டு. அக்காலத்தில் தொட்டியை நிழலில் வைத்து, காற்றுக்குழாயை நிறுத்தாமல் இயக்கி, இரையையும் குறைத்தல் வேண்டும். பனையேறிக் கெண்டைபோன்ற சில மீன்கள், நீருக்கு மேலே வந்து காற்றை நேரே உட்கொள்ளவல்லவை. அம்மீன் தரங்கம்பாடியில் பனைமரம் ஒன்றில் ஏறக்கண்டதாக 1791-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைத் தால்டார்ஃப் என்னும் டேனிய அலுவலர் எழுதிவைத்துள்ளார். பிராணவாயுக் குறைவை அவை பொறுக்கும். ஆயினும் அம்மோனியா அவற்றுக்கும் பகையே.

நீர் மாற்றும் முறையும் எளியதே. முதல்நாளே ஒரு குடம் அல்லது வாளியில் நீரைப் பிடித்து, வாய்திறந்தபடி வைத்திடுக. ஒரு நாளில் குளோரின் பெரும்பாலும் ஆவியாகி நீங்கும். நீரின் வெப்பமும் அறையின் வெப்பத்தோடு ஒத்துவிடும். குளோரமின் என்னும் பொருள் கலந்த நீராயின் அது நின்று நீங்காது. அதற்குக் கடைகளில் விற்கப்படும் நச்சுநீக்கி மருந்தை அளவாகச் சேர்த்தல் வேண்டும். கிணற்றுநீரில் குளோரின் இராது. எனினும் அதனையும் ஒருநாள் காற்றாட வைத்தலே நன்று. மறுநாள், சிறு குழாயின் ஒரு முனையைத் தொட்டியின் அடியில் வைத்து, மணல்மேல் தங்கிய கசடோடு நான்கில் ஒரு பங்கு நீரை வெளியேற்றுக. புதுநீரை மெல்ல ஊற்றுக. வடிகட்டியின் பஞ்சு அடைத்துக்கொண்டால், வெளியேற்றிய பழைய நீரிலேயே மெல்ல அலசுக, குழாயடிக்குக் கொண்டுசெல்லற்க. மணலையும் பஞ்சையும் ஒரே நாளில் கழுவுதல் கூடாது. சோப்புத்தூள் தொட்டியின் அருகிலும் வரலாகாது. நெடுநாள் நீர் மாற்றப்படாத தொட்டியாயின், ஒரே நாளில் திருத்த முனையாமல், நாளும் பத்தில் ஒரு பங்காகப் பல நாள் மாற்றி வழிக்குக் கொணர்க.

இரையிலும் அளவு வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழி மீன்தொட்டியில் சொல்லுக்குச் சொல் உண்மையாகும். இரண்டு மணித்துளிக்குள் மீன் தின்றுவிடும் அளவே இரை, எஞ்சியதெல்லாம் அம்மோனியாவாகும்.

வண்ணமீன் வளர்ப்புக்கும் வாணிகத்துக்கும் பெயர்பெற்ற பகுதிகளுள் சென்னையிலுள்ள கொளத்தூர் ஒன்று. இத்தகைய மீன்கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்னும் பெயரால் ஒரு மீன் விற்கப்படுவதுண்டு. அஃது உள்ள தொட்டிக்கு நீர் மாற்ற வேண்டுவதில்லை என்று நம்புவோர் பலர். அது தென்அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. பாசியைச் சுரண்டித் தின்பது மெய்யே. ஆயின் தின்றது கழிவாகி நீரிலேயே சேரும். அஃது ஓரடிக்கு மேலும் வளரும். தொட்டி கொள்ளாதபோது அதனை ஏரியிலும் ஆற்றிலும் விட்டுவிடுகின்றனர். அவ்வாறு விடப்பட்ட மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகள் சிலவற்றில் பெருகி, நாட்டுமீன்களுக்கும் மீனவர் வலைகளுக்கும் கேடு விளைக்கின்றன. ஒரு குடம் நீர் சுமக்கும் உழைப்பைத் தவிர்க்க எண்ணி, ஓர் ஏரியையே கெடுத்தல் தகுமா? வளர்ப்பு மீனை எந்நிலையிலும் ஆற்றில் விடலாகாது. வளர்க்க இயலாதார், இயலுவாரிடம் ஒப்படைத்தலே முறை.

தொட்டியினின்று இறைத்த நீரும் வீணன்று. அதில் நைட்ரேட்டு உண்டு; பயிருக்கு அஃது உரம். தோட்டத்துக் கத்தரிக்கும் கனகாம்பரத்துக்கும் அதனை ஊற்றலாம். மீனுக்கு மிகையானது செடிக்கு உணவாகின்றது.

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை கூடும். அந்நாளை எவரும் நினைவூட்ட வேண்டுவதில்லை. மீன்களை இழந்த அம்மாணவன் மீண்டும் தொட்டி வைப்பானாயின், வியாழக்கிழமை மாலையில் ஒரு குடம் நீரைப் பிடித்து வைத்து, சந்தை நாளாகிய வெள்ளியன்று அதனை மாற்றிவருதல் எளிது. அதற்கு வேண்டுவது கால்மணி நேரமே. திருவிழாவுக்கு ஒருமுறை செய்யும் பெருந்தூய்மை மீனைக் காவாது. வாரந்தோறும் தவறாமல் ஊற்றும் ஒரு குடம் நீரே காக்கும்.